திண்ணையில் இடம் – காவிரிப் படுகையில் எளியோர் கல்வி: ஒரு வரலாற்றுப் பார்வை



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. சென்ற ஆண்டு நடைபெற்ற நம் பொதுக்குழுக் கூட்டத்தில், மதரஸா மாடியில் மாலைநேரப் பாடவகுப்பு ஒன்றைத் தொடங்குவது குறித்துப் பேசப்பட்டதை உறுப்பினர்கள் அறிவீர்கள். கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கப் பட்டதாரி இளைஞர்கள் சிலர் முன்வந்திருந்தனர். வகுப்பு வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. வாய்க்காலுக்கு அக்கரையில் உள்ள விவசாயத் தொழிலாளர் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு சகோதரர் எழுந்து கேட்டபோதுதான் கூட்டம் இரண்டுபட்டது. "ஹஜ்ரத், நம்ம பிள்ளைங்களுக்கே உட்கார இடம் பத்தலையே, ஊர்ப் பிள்ளைங்களை எங்கே உட்கார வைக்கிறது?" என்று வயதில் மூத்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று விடை சொல்ல நேரம் இருக்கவில்லை. இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வேளை வந்துவிட்டது. முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இந்த மண்ணில் இதற்கு முன்னர் யார் யாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், யாரைத் தூர நிறுத்தினார்கள் என்பதைத் தேடிப் படிக்கலானேன். படித்ததை ஆண்டு மலரில் எழுதுமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன், மதரஸாவில் ஓதியவன். பிழை இருப்பின் அறிந்தோர் பொறுத்துத் திருத்துவார்களாக.

சத்திரத்துப் பள்ளிக்கூடம்

நம் ஊரிலிருந்து மேற்கே சென்றால் ஒரத்தநாடு. அவ்வூருக்கு முக்தாம்பாள்புரம் என்றொரு பெயரும் உண்டு. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி, 1802-ஆம் ஆண்டில் அங்கே முக்தாம்பாள் சத்திரத்தைத் தொடங்கினார். வடக்கிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக இந்தப் பெருவழியில் தஞ்சை அரச குடும்பத்தார் எழுப்பிய சத்திரங்கள் பல. நமக்கு அருகிலுள்ள நீடாமங்கலத்தின் யமுனாம்பாள் சத்திரமும் அவற்றுள் ஒன்று. 1799-இல் ஆட்சிப் பொறுப்பைக் கும்பெனியாரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்த சரபோஜி, சத்திரங்களை மட்டும் தம் கையிலிருந்து எடுத்துவிடலாகாது என்று 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசு போனதைக் காட்டிலும் அன்னசாலை போய்விடுமோ என்றே அவர் அதிகம் கலங்கியதாக அக்கடிதத்தைப் பற்றிப் படிக்கும்போது தோன்றுகிறது.

சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை அக்கடிதம் விளக்குகிறது. பிராமணர் முதல் பறையர் வரை வரும் வழிப்போக்கர் அனைவருக்கும் உணவு, நோயுற்றோருக்கு வைத்தியர், பேறுகால மாதருக்குப் பராமரிப்பு. இவற்றோடு, வழிப்போக்காக வந்த இடத்தில் பெற்றோரை இழந்த அனாதைப் பிள்ளைகளைச் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் விட்டுவிடுவர். அப்பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று வேளை உணவு உண்டு. நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் உண்டு. உடுதுணியும் மருந்தும் உண்டு. அவர்கள் விரும்பும் கல்வியில் தேறும் வரை உதவி, பின்னர் திருமணச் செலவும் கூட. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஏற்பாடு இது. எண்ணெய்க் குளியலைக் கூட மறவாமல் எழுதியிருக்கிறாரே என்று நான் வியந்தேன். யத்தீம்களின் தலையைத் தடவிக் கொடுப்பதன் சிறப்பை மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறேன். அதற்குச் செலவுக் கணக்கு எழுதிவைத்த ஓர் அரசரைப் பற்றி அப்போதுதான் அறிந்தேன். சரபோஜியின் முன்னோரான பிரதாப்சிங் மன்னர் நாகூரில் பெரிய மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் என்பதை நம்மில் பலரும் அறிவர். அந்தக் குடும்பத்தின் கை ஈரமுள்ள கைதான்.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். சோற்றுப் பந்தியில் இருந்த இந்தத் தாராளம் பாடம் நடந்த இடத்திலும் அப்படியே இருந்தது என்று சொல்ல நான் துணியவில்லை. சத்திரங்களில் நான்கு வேதங்களுக்கும் தனித்தனி ஆசிரியர்கள் இருந்தனர். அந்த வகுப்பில் யார் அமர்ந்திருப்பர் என்பது நமக்குத் தெரியும்.

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுத்த கல்விக் கணக்கு இதற்குச் சான்று. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 மாணவர் என்று 1826-இல் அவர் கணக்குக் கொடுத்தார். ஒவ்வொரு ஜில்லாவிலும் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் எனத் தனித்தனிக் கட்டங்கள். உயர்கல்விச் சாலைகள் மட்டும் தஞ்சை ஜில்லாவில் 109 இருந்தன. அந்தக் கட்டங்களில் நம்மவர்களுக்கும் ஓர் இடம் இருந்தது. மலபாரில் 3,196 முஸ்லிம் ஆண்பிள்ளைகளோடு 1,122 முஸ்லிம் பெண்பிள்ளைகளும் பள்ளியில் இருந்ததாகப் பதிவாகியிருப்பதை நம் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லலாம். ஆனால் தஞ்சைச் சீமையின் நெல்லை விளைவித்த பண்ணையாளின் பிள்ளை? அவன் பெரும்பாலும் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவன் மாட்டோடு வயலில் இருந்தான். இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843-இல்தான். அதன் பின்னும் இந்தச் சீமையில் பரம்பரைக் கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த குடும்பங்களுக்குச் சட்டம் எட்டவில்லை.

ஒரே அத்தியாயத்தில் இருவர்

1882-இல் ஆங்கில அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவைப் பற்றி முஸ்லிம் கல்வி வரலாறு பேசும் எவரும் குறிப்பிடாமல் இருப்பதில்லை. முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியுள்ளனர், அவர்களுக்குத் தனிச் சலுகையும் ஊக்கமும் வேண்டும் என்று அக்குழு விரிவாகப் பரிந்துரைத்தது. இதை நாம் பெருமையோடும் வருத்தத்தோடும் மேடைகளில் சொல்லி வருகிறோம். நாம் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. தனிக் கவனம் தேவைப்படும் வகுப்பினர் என்று அக்குழு ஒதுக்கிய அத்தியாயத்தில் நாம் மட்டும் இல்லை. மலைவாழ் மக்கள், தாழ்த்தப்பட்ட சாதியினர், பரம ஏழைகள் ஆகியோரும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கின்றனர். சாதியைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாகாது என்ற கொள்கையையும் அதே குழு மறுபடி உறுதி செய்தது. நம் பாட்டனாரும் அக்கரைத் தெருப் பாட்டனாரும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தனர் என்று பொருள்.

அதன் பின்னர் இரு சாராரும் வெவ்வேறு வழியில் நடந்தனர். நம்மவர்களுக்குக் கடல் இருந்தது; வணிகம் இருந்தது. கூத்தாநல்லூரிலிருந்தும் பொதக்குடியிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் சபர் போனவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்து ஊருக்கு அனுப்பினர். அந்தப் பணத்தில் பள்ளிவாசலும் மதரஸாவும் எழுந்தன. பின்னர் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. வாணியம்பாடியில் இஸ்லாமியக் கல்லூரி 1919-இலேயே வந்துவிட்டது. 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தொடங்கின. நமக்கு மிக அருகே, அதிராம்பட்டினத்தில், ஒரு மதரஸா அறக்கட்டளையே முன்னின்று 1955-இல் காதிர் முகைதீன் கல்லூரியை உருவாக்கிற்று. மதரஸாவுக்கென்று வைத்த பொருளின் நிழலில் எல்லாச் சமுதாயப் பிள்ளைகளும் படிக்கும் கல்லூரி வந்ததை அன்றைய பெரியவர்கள் இழப்பாகக் கருதவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் முதல் பட்டதாரி ஆனவர்களைக் கேட்டால் அக்கல்லூரியின் பெயரை எத்தனையோ பேர் சொல்வர்.

தனிப் பள்ளிகளின் கதை

அக்கரைத் தெருவாருக்குக் கடலும் இல்லை, சபரும் இல்லை. அவர்களுக்கென்று அரசு 1893-இல் ஒரு கல்வி ஆணை பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் சாசனம் என்றே அதை அழைத்தனர். அடுத்த ஆண்டு சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் இலவசப் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1919-இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் நலத்துக்கெனத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டார். லேபர் டிபார்ட்மெண்ட் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குடியிருப்பு மனை, குடிநீர்க் கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவை அதன் வேலைகள். தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளுக்குக் குடியிருக்கும் மனை மிராசுதாரின் நிலத்தில்தான் இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் மனையைக் காலி செய் என்று சொல்ல முடிகிற இடத்தில் மிராசுதார் இருந்தார். ஆகவே பள்ளிக்கு முன் மனை தேவைப்பட்டது. கல்வியை வளர்ப்போர் பலரும் இந்த வரிசையை மறந்துவிடுகிறோம். வீட்டின் கூரை அடுத்தவன் தயவில் இருக்கும்போது ஒரு தகப்பன் தன் மகனைப் பலகையோடு எப்படி அனுப்புவான்?

அந்தத் துறையின் பள்ளிகள் பின்னர் ஹரிஜன நலப் பள்ளிகள் என்றும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்றும் பெயர் மாறின. அவை செய்த நன்மை பெரிது. ஆனால் அவை தனிப் பள்ளிகள். பொதுப் பள்ளியில் இடம் தராததால் உண்டான பள்ளிகள். அரசு பொதுப் பள்ளியைத் திறக்கச் சொல்லி ஆணைமேல் ஆணையிட்டும், பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ கோயில் தெருவிலோ இருந்தால் அந்தத் தெருவுக்குள் பிள்ளை நடந்து வரவே முடியாது. சாலையில் நடக்கும் உரிமைக்கே இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் சட்டசபையில் போராட வேண்டியிருந்த காலம் அது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில்தான் தமிழக அரசு, இத்தகைய நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவித்தது. தனியே வைத்துக் கொடுத்த உதவி, தனியே வைத்ததையும் சேர்த்தே நிலைக்கச் செய்துவிட்டது என்பது என் கருத்து.

இந்தப் படுகையின் வடகோடியில் சிதம்பரத்தில் ஒருவர் வேறு விதமாக முயன்றார். சுவாமி சகஜானந்தர். 1890-இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் எளிய தலித் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கிறித்துவ மிஷன் பள்ளியில் படித்தவர். மதம் மாறினால் மேற்படிப்புக்கு வழியுண்டு என்றபோது மறுத்துவிட்டார் என்பர். அவருடைய முடிவில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். 1910-இல் சிதம்பரத்துக்கு வந்து, 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். கோயிலுக்குள் விடப்படாத நந்தனாரின் பெயரைக் கோயில் நகரிலேயே பள்ளிக்கு வைத்தது சாதாரணத் துணிவன்று. பிள்ளைகளுக்கு விடுதியும் அமைத்தார். பள்ளிக்கு வர ஆசைப்படும் பண்ணையாள் பிள்ளைக்கு முதலில் சோறும் படுக்க இடமும் வேண்டும் என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார். பின்னர் நெடுங்காலம் சட்டமன்றத்தில் இருந்து 1959-இல் மறைந்தார். அந்தப் பள்ளி பல தலைமுறைகளை ஆளாக்கியது. பின்னாளில் நாடறிந்த தலைவரான எல். இளையபெருமாளும் அந்த வட்டாரத்தவரே.

நம் மன்னார்குடிச் சுற்றுவட்டாரத்தில் மாற்றம் பள்ளிக்கூடம் வழியே வரவில்லை. வயல் வழியே வந்தது. 1940-களில் தென்பரை, களப்பால் போன்ற ஊர்களில் விவசாயிகள் சங்கம் தோன்றியது. பி. சீனிவாசராவ் என்னும் கன்னட நாட்டுக்காரர் தட்டுத்தடுமாறிய தமிழில் பேசி இந்தக் கிராமங்களை ஒன்றுதிரட்டினார். சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுதலும் பண்ணையாளுக்குத் தண்டனையாக இருந்த காலம் அவ்வாறே முடிவுக்கு வந்தது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அந்தச் செய்தி கேட்டு இப்பகுதிக்கு வந்தவர்களே கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் தம்பதியர். 1981-இல் அவர்கள் தொடங்கிய உழுபவர் நில விடுதலை இயக்கம் (லாப்டி) ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. பட்டாவைப் பெண்களின் பெயரில் எழுதியது. பிள்ளைகளுக்கு விடுதி நடத்தியது. மனை, நிலம், பள்ளி என்ற அந்த வரிசை இங்கும் வருவதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இந்த வரலாற்றில் முஸ்லிம்களுக்குப் பங்கில்லை என்று சொல்லி நகர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. நம்மவர்களில் நன்செய் வைத்திருந்தோரும் பண்ணையாள் வைத்தே பயிர் செய்தனர். கொல்லைப்புற வாசலில் நிறுத்திக் கூலி அளந்த வீடுகள் நம் தெருக்களிலும் இருந்தன என்று பெரியவர்களே என்னிடம் சொன்னதுண்டு. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்து தம்ளரைத் தனியே வைத்தோமானால் அந்தத் தொழுகை வாசலோடு நின்றுவிட்டது.

திண்ணைத் தோழர்கள்

மதீனாப் பள்ளியின் ஒரு பக்கத்தில் கூரை வேய்ந்த ஒரு திண்ணை இருந்தது. ஸுஃப்பா என்பர். வீடோ குடும்பமோ இல்லாத ஏழை முஹாஜிர்கள் அங்கே தங்கி நாயகம் (ஸல்) அவர்களிடம் கல்வி கற்றனர். தமிழில் அவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்கிறோம். இஸ்லாத்தின் முதல் விடுதிப் பள்ளி அதுவே. பசித்த வயிறு கற்க முடியாது என்பதை அங்கே முதலில் கவனித்தனர். உணவு வந்தால் திண்ணைக்குப் பங்கு போகும். நான் ஏழாண்டு ஓதிய மதரஸாவும் அவ்வாறே நடந்தது. ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். வாரம் ஒருமுறை அது சாக்கில் வந்து சேரும். முகமறியாத தாய்மாரின் பிடி அரிசியில் வளர்ந்த உடம்பு இது. ஆகவே இலவசமாகக் கற்பதில் இழிவில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹிஜ்ரி 2-இல், பொது ஆண்டு 624-இல், பத்ருப் போரில் பிடிபட்ட குறைஷிக் கைதிகளில் ஈட்டுத்தொகை தர இயலாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தோர் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்துவிட்டு விடுதலை ஆகலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நேற்று வாளேந்தி வந்தவர், வேறு மார்க்கத்தவர். அவரிடம் முஸ்லிம் பிள்ளைகள் பலகையோடு உட்கார்ந்தனர். கல்வி கொடுக்கல் வாங்கலில் மார்க்க எல்லையைச் சுவராக எழுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நாம் வாங்கிக்கொண்டோம். கொடுக்கும் முறை வரும்போது ஏன் கணக்குப் பார்க்கிறோம்?

கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் செய்தியை நீங்கள் அறிவீர்கள். குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருந்தபோது கற்றுக்கொள்ளும் ஆவலோடு அவர் குறுக்கே வந்தார். அது பற்றி இறங்கியதே அபஸ அத்தியாயம். தேடி வந்த எளியவருக்கு முதலிடம் என்று அல்லாஹ் அங்கே தீர்ப்பளித்துவிட்டான். பின்னாளில் அவர் பிலால் (ரலி) அவர்களோடு முஅத்தினாக இருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் ஏற்றிருந்தார்.

சகஜானந்தரைப் பற்றிச் சொல்ல வந்த பாடம் இதுதான். நம் மாடிக்கு வரும் பிள்ளையின் மார்க்கத்தில் நாம் கை வைக்கலாகாது. கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேறொன்றை எதிர்பார்ப்பது வணிகம். நன்மை செய்ய வந்தோரே விலை கேட்டதால் ஓர் இளைஞர் அன்று எழுந்து போனார். அத்தகைய ஐயம் ஒரு தாயின் மனத்திலும் எழக் கூடாது. குர்ஆன் ஓதும் நேரமும் பாடவகுப்பு நேரமும் வெவ்வேறாக இருக்கும்.

அரிக்கேன் வெளிச்சத்தில்

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில். எனக்குப் பத்து, பதினோரு வயதிருக்கும்போது, 1991-இல், எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வீறுகொண்டு நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மையார் ஆட்சியராக இருந்தார். கல்லுடைக்கும் பெண்கள், களையெடுக்கும் பெண்கள், மீன் விற்கும் பெண்கள் எனப் பல்லாயிரம் பேர் இரவில் கூடி எழுத்துக் கற்றனர். அதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றதாகச் சொல்வர். எங்கள் ஊர் மைதானத்தில் புர்கா அணிந்த பெண்களும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்துச் சில பெரியவர்கள் முகம் சுளித்தது நினைவிருக்கிறது. கல்குவாரிகளை ஒப்பந்தக்காரர்களிடமிருந்து எடுத்து, அங்கே உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்ததும் அக்காலத்தில்தான். எழுதப் படிக்கத் தெரிந்ததும் அவர்கள் முதலில் படித்தது குத்தகைக் கணக்கு.

என் பாட்டியார் அந்த வகுப்புக்குப் போனார்கள். அவர்கள் கல்லாதவர் அல்லர். அரபுத்தமிழில் அச்சான நூல்களை ராகம் போட்டுப் படிப்பார்கள். தெருவில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர்கள். ஆனால் ரேஷன் கடையில் கைநாட்டு. பேசும் தமிழை அரபி எழுத்தில் படிக்கத் தெரிந்தவருக்கு அதே தமிழைத் தமிழ் எழுத்தில் படிக்கத் தெரியாது என்பதால் அரசுக் கணக்கில் அவர் எழுத்தறிவற்றவர். வகுப்பு நடத்திய பெண், பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பாட்டிக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்டார். அரபுத்தமிழ்க் கிதாபைக் கொண்டுவரச் சொன்னார். பாட்டி படிக்கப் படிக்க அவர் அதைத் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதினார். பதினைந்து நாளில் பாட்டி தமது பெயரை எழுதிவிட்டார்கள். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். கற்போரிடம் ஏற்கெனவே உள்ளதைக் கேட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நான் எந்தக் கிதாபிலும் அவ்வளவு தெளிவாகப் படிக்கவில்லை. அந்தக் குப்பத்துப் பெண் கணக்குப் பார்த்திருந்தால் பாட்டி கடைசி வரை கைநாட்டுத்தான்.

கற்பிக்கும் முறையைப் பற்றி இன்னொன்று. சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைப் பிள்ளைகளின் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் கண்டு, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். அதைப் பற்றி 1797-இல் நூலும் எழுதினார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையும் மதரஸாவின் தக்ராரும் ஏறத்தாழ இதே வழிதான். நம் வகுப்பில் ஆசிரியர் குறைவு என்ற கவலைக்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நம் தெருப் பெண்பிள்ளைகள் சிலர் தன்னார்வலராக இருந்து பழகியவர்கள். அவர்களும் வர இசைந்துள்ளனர்.

நம் மாடி

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். நம் பிள்ளைகளும் பின்தங்கியவர்களே என்பதில் உண்மை உண்டு. 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, 2001 கணக்குப்படி நாட்டு மக்களின் எழுத்தறிவு 65.1 விழுக்காடாக இருக்க முஸ்லிம்களுடையது 59.1 என்று காட்டியது. 2007-இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி உள் ஒதுக்கீடு வந்தது நியாயமே. ஆனால் அதே 2001 கணக்கில் நம் மாநிலத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். மாநில எழுத்தறிவு 73.5. முஸ்லிம்கள் 82.9. பட்டியல் சாதியினர் 63.2. நம் மாநிலத்தில் நாம் சராசரிக்கு மேலே. அவர்கள் நமக்கு இருபது படி கீழே. பின்வந்த கணக்கெடுப்பில் அவர்கள் உயர்ந்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் 2011-இலும் மாநிலச் சராசரியை எட்டவில்லை. டெல்லிக் கணக்கை வைத்துக்கொண்டு நம்மை ஏழை என்றும், சென்னைக் கணக்கை மறந்துவிட்டு அவர்களை அயலார் என்றும் சொல்வது நேர்மையாகாது.

பணத்தைப் பற்றிச் சிலருக்கு ஐயம் உண்டு. ஜகாத் நிதி அதற்குரியோருக்கே. வக்ஃபு வருமானம் வக்ஃபு செய்தவரின் நிபந்தனைப்படியே. இவ்விரண்டிலிருந்தும் இவ்வகுப்புக்கு ஒரு ரூபாயும் எடுக்கப்படாது. ஸதகா எவருக்கும் கொடுக்கத் தக்கது. ஏழையின் மார்க்கம் அதற்குத் தடையில்லை. வகுப்புக்கான செலவு, அதற்கென்றே தனி ரசீதில் உறுப்பினர்கள் தரும் நன்கொடையிலிருந்து நடக்கும். கணக்கு அடுத்த ஆண்டறிக்கையில் தனிப் பக்கத்தில் வரும்.

இனி இடம். சென்ற மாதம் மோதினாரை உடன் வைத்துக்கொண்டு மாடியை நானே அளந்தேன். 42 அடி நீளம், 18 அடி அகலம். நடைவழிக்கும் ஒளூ செய்யப் போகும் பாதைக்கும் விட்டது போக, 600 சதுர அடி தாராளமாகத் தேறுகிறது. ஒரு பிள்ளைக்குப் பத்துச் சதுர அடி என்றால் 60 பிள்ளைகள் பாய் விரித்து உட்காரலாம். மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்துள்ள நம் மஹல்லாப் பிள்ளைகள் 38 பேர். மீதம் 22 இடம். ஐயமுள்ளோர் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மாடிக்கு வந்தால் நாடாவை நீட்டிக் காட்டுகிறேன். முதலில் கேள்வி கேட்ட பெரியவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.